48 வோல்ட்டும் ஒரு பி.காம் ஆபீசரும்

ஆபீசில் ஆணி அதிகம். மார்ச் முடிந்து, ஆடிட் முடிந்து, இப்போதுதான் மூச்சுவிட நேரம் கிடைத்திருக்கிறது. இன்றைக்கு எழுதப்போவதும் ஆணி சமாச்சாரம்தான், ஆனால் நிஜ ஆணி. இன்னும் சரியாகச் சொன்னால் ஸ்க்ரூ. அதை முடுக்குகிற கார்ட்லெஸ் ட்ரில்.

"பேங்க்காரனுக்கும் ட்ரில்லுக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நான் மெக்கானிக் இல்லை, படித்தது பி.காம். வீட்டில் ஒரு படம் மாட்டக்கூட ஆள் கூப்பிடுகிற ஜாதி. ஆனால் இந்த ட்ரில் விஷயத்தில் நான் ஒரு மனுஷனுக்குப் பண்ணின துரோகம் மூன்று வருஷத்துக்கும் மேலாக நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிறது. எழுதித் தொலைத்தால்தான் போகும்.

நான் இருப்பது ஜோத்பூரில். போரானாடா, பாஸ்னி பக்கம் போனால் தெருவுக்குத் தெரு மரப்பட்டறை. ஷீஷமும் மாமரமும் கட்டிலாகவும் மேஜையாகவும் மாறி வெளிநாட்டுக்குக் கப்பலேறுகிற ஊர். பெரிய ஏற்றுமதிக்காரர்கள் ஒரு பக்கம் இருக்க, நகரத்துக்குள் இரண்டு ஆள், மூன்று ஆள் வைத்து அலமாரி, சமையலறை வேலை எடுத்துச் செய்கிற சின்ன ஆசாரிகள் நிறைய. அப்படி ஒருவர் எங்கள் கிளையின் வாடிக்கையாளர். இங்கே எல்லோரும் மிஸ்திரிஜி என்பார்கள், நானும் அப்படியே.

2022 ஜனவரியில் மிஸ்திரிஜி முத்ரா கடன் கேட்டு வந்தார். சிசு பிரிவு, 50,000 ரூபாய் வரை. 2015 ஏப்ரலில் இந்தத் திட்டம் வந்ததிலிருந்து எங்கள் கிளைகளில் இதற்குக் கூட்டம் குறைந்ததே இல்லை. கருவிகள் வாங்க ஒரு லிஸ்ட், இரண்டு கடை கொட்டேஷன். ஐந்து ஐட்டத்தில் நாலு ஐட்டத்தின் விலை இரண்டு கடையிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கார்ட்லெஸ் ட்ரில்லில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். ஒன்று 11,500. தெரிந்த கம்பெனி, 18 வோல்ட், இரண்டு பேட்டரி. இன்னொன்று 3,200. பேர் கேள்விப்படாத கம்பெனி, பெட்டி மேல் பெரிய எழுத்தில் 48VF, அதற்கும் இரண்டு பேட்டரி, கூடவே ஒரு டப்பா நிறைய பிட்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மிஸ்திரிஜி, 18 வோல்ட்டுக்கு 11,500 ரூபாயா? 48 வோல்ட்டே 3,200-க்குக் கிடைக்கிறதே. எல்1 எடுத்துக்கொள்ளுங்கள். ஆடிட்டில் கேள்வி வராது."

எல்1 என்றால் குறைந்த விலை கொட்டேஷன். எங்கள் தொழிலின் மூல மந்திரம். மிஸ்திரிஜி தலையைச் சொறிந்தார். "சாப், அந்த மெஷினை நான் பிடித்துப் பார்த்திருக்கிறேன்... இது எனக்குத் தெரியாது" என்றார். பேனா என் கையில் இருந்தது. அவர் கையில் விண்ணப்பம்தான் இருந்தது. ஒப்புக்கொண்டார்.

மே மாதம் ஒரு மத்தியானம் அதே ட்ரில்லை ஒரு துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்து என் மேஜை மேல் வைத்தார். சத்தம் போடவில்லை. "சாப், மஷீன் மர் கயீ" என்றார். மெஷின் செத்துப்போச்சு.

நடந்தது இதுதான். ஒரு கெஸ்ட் ஹவுசுக்கு 14 வார்ட்ரோப் ஆர்டர். ஒரு வார்ட்ரோபுக்கு இரண்டு கதவு, கதவுக்கு நாலு ஆட்டோ ஹிஞ்ச், ஹிஞ்சுக்கு நாலு ஸ்க்ரூ. ஹிஞ்சுக்கு மட்டுமே 448 ஸ்க்ரூ. தகரக் கூரைப் பட்டறை, ஜோத்பூர் மே மாத வெயில். ஒரு பேட்டரி சார்ஜே ஏறவில்லை. இன்னொன்று கால் மணி நேரத்தில் படுத்துவிடும். அதையும் மீறி அழுத்தினால் கியர் வழுக்கி "கரகர" என்று சத்தம். கடையில் கேட்டால் "பேட்டரி தனியா வராது, யூஸ் அண்ட் த்ரோ" என்றானாம். மூன்று நாள் வேலை நின்றது. காண்ட்ராக்டர் தாமதத்துக்கு 5,000 பிடித்துக்கொண்டார். அந்த மாத இஎம்ஐ ரிட்டர்ன். ரிட்டர்ன் ஆனதற்கு எங்கள் வங்கி தனியாக ஒரு சார்ஜ் போட்டது. அதாவது, தப்பு பண்ணினது நான், அபராதம் கட்டினது அவர்.

பக்கத்துக் கடை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த பேட்டரியைப் பிரித்துப் பார்த்தோம். உள்ளே ஐந்தே ஐந்து லித்தியம் செல். ஒரு செல்லுக்கு 3.6 வோல்ட். ஐந்து மூணு பதினைந்து, ஐந்து புள்ளி ஆறு மூணு... மொத்தம் 18 வோல்ட்! நான் ஏளனமாகப் பேசின அதே 18. அந்த 48 பெட்டியில்தான் இருந்தது, பேட்டரியில் இல்லை.

அன்றைக்கு ஆரம்பித்தது என் ட்ரில் படிப்பு. ஒரு ஆடிட் ரிப்போர்ட்டைப் படிக்கிற மாதிரி இந்தப் பெட்டிகளைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். கோபத்தோடுதான் சொல்வேன். கோபத்தில் பாதி என் மேலேயே.

1. வோல்ட் என்கிற மோசடி. ஐந்து செல் வரிசையாக வைத்தால் 18 வோல்ட். அதையே முழுசாக சார்ஜ் ஏற்றின நிமிஷத்தில் அளந்தால் 20, 21 வரும். ஒரே டிவால்ட் வரிசையை அமெரிக்காவில் 20 வோல்ட் மேக்ஸ் என்றும் ஐரோப்பாவில் 18 வோல்ட் என்றும் விற்கிறார்கள். இரண்டுக்கும் உள்ளே ஐந்து செல்தான். 12 வோல்ட் என்பது மூன்று செல், அதாவது 10.8. இதுவரைக்கும் பரவாயில்லை, வியாபார சாமர்த்தியம் என்று விட்டுவிடலாம். ஆனால் 36VF, 48VF, 88VF என்று போடுகிறார்கள் பாருங்கள், அதில் அந்த V-க்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கிற F எழுத்துதான் கில்லாடி. அது வோல்ட்டே இல்லை, மாடல் பேராம். நாளைக்கு கேஸ் போட்டாலும் "நாங்கள் வோல்ட் என்று சொன்னோமா?" என்பான். எங்கள் பேங்க் படிவத்தில் சின்ன எழுத்து நட்சத்திரக் குறி போடுவோமே, அதற்கு அண்ணன் இது.

2. ஆம்பியர்-ஹவர் என்கிற இன்னொரு மோசடி. பேட்டரியில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று தெரிய வோல்ட்டை ஏஎச்-ஆல் பெருக்க வேண்டும். 18 வோல்ட், 2 ஏஎச் என்றால் 36 வாட்-ஹவர். 4 ஏஎச் என்றால் 72. அவ்வளவுதான் கணக்கு. இந்த பேட்டரிகளில் பெரும்பாலும் இருக்கிற 18650 என்கிற செல்லில் மிக உசத்தியானதே ஏறக்குறைய 3.5 ஏஎச்தான். ஒரு வரிசை ஐந்து செல் மட்டும் உள்ள பேட்டரி மேல் "6 ஏஎச்" என்று எழுதியிருந்தால் அது பொய்ப் பத்திரம். பிரித்துப் பார்க்கத் தேவையில்லை, எடை போடுங்கள். ஒரு செல் 45 கிராம் சொச்சம். பத்து செல் இருந்தால் செல் மட்டுமே அரை கிலோவை நெருங்க வேண்டும். கையில் பஞ்சு மாதிரி இருக்கிறதா? வைத்துவிட்டு வந்துவிடுங்கள். நகைக்கடையில் எடை பார்க்கத் தெரிந்த நமக்கு இங்கே மட்டும் ஏன் கூச்சம்?

3. வெயில். இதை எந்தப் பெட்டியிலும் பெரிய எழுத்தில் போட மாட்டார்கள். லித்தியம் பேட்டரிக்கு எமன் சூடு. நல்ல கம்பெனி சார்ஜர், பேட்டரி ரொம்ப சூடாக இருந்தால் அது ஆறும் வரை சார்ஜ் ஏற்றாது. அது கோளாறு இல்லை, பாதுகாப்பு. மட்டமான சார்ஜருக்கு அந்த மூளை கிடையாது. கொதிக்கிற பேட்டரிக்குள் கரண்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும், நாலு மாதத்தில் செல் செத்துவிடும். 2016 மே 19-ல், அப்போது எங்கள் ஜோத்பூர் மாவட்டத்தில் இருந்த பலோதியில் 51 டிகிரி பதிவானது. இந்த ஊரில் பேட்டரியை ஸ்கூட்டர் டிக்கியில் மத்தியானம் முழுக்க வைப்பது, அதைக் கொல்வதற்குச் சமம். நிழலில் வையுங்கள், ஆறவிட்டுச் சார்ஜ் போடுங்கள். பல நாள் வேலை இல்லையென்றால் முழு சார்ஜிலும் வைக்காதீர்கள், ஒரேயடியாகக் காலியாகவும் வைக்காதீர்கள், பாதியில் வையுங்கள். மதுரைக்கும் வேலூருக்கும் இதேதான்.

4. டார்க். முறுக்கு விசை, நியூட்டன்-மீட்டரில். நேர்மையான கம்பெனி இரண்டு எண் தரும், மென்மையான பொருளில் ஒன்று, கடினமான பொருளில் ஒன்று. கடினத்தில் வருவது பெரிய எண். மரவேலைக்காரனுக்கு அன்றாடம் வேண்டியது சின்ன எண். ஒரே ஒரு ராட்சச எண்ணை மட்டும் போட்டிருந்தால், லாபத்தை மட்டும் காட்டி கடனை மறைக்கிற பேலன்ஸ் ஷீட் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

5. பிரஷ்லெஸ் மோகம். இப்போது இது புது ஃபேஷன். கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார். சூடு குறைவு, ஒரே சார்ஜில் கூடுதல் வேலை, தேய்கிற பிரஷ் இல்லை. எல்லாம் உண்மை. ஆனால் அதை ஓட்டுவது ஒரு எலக்ட்ரானிக் போர்டு. போர்டு போனால் தெருமுனை மெக்கானிக்கால் ஒன்றும் முடியாது. பிரஷ் மோட்டாரில் கார்பன் தேய்ந்தால் சில நூறு ரூபாய்க்குள் ஜோடி வாங்கி, பத்து நிமிஷத்தில் மாற்றிவிடலாம், உதிரி கிடைத்தால். என் கட்சி இதுதான்: உங்கள் ஊரிலேயே அந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டர் இருந்தால் பிரஷ்லெஸ் வாங்குங்கள். சர்வீசுக்கு 200 கிலோமீட்டர் போகணும் என்றால் பிரஷ் உள்ள நல்ல மெஷின் போதும்.

அப்போ எதைப் பார்த்துத்தான் வாங்குவது? ட்ரில்லைப் பார்க்காதீர்கள், அதன் பேட்டரியையும் அதைப் பழுது பார்க்கிறவனையும் பாருங்கள். கடையில் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். பேட்டரி தனியாகக் கிடைக்குமா, விலை என்ன? கார்பன் பிரஷ், சுவிட்ச், சார்ஜர் கிடைக்குமா? சர்வீஸ் எங்கே? வாரண்டி கார்டில் பேட்டரிக்கும் சார்ஜருக்கும் தனியாக என்ன எழுதியிருக்கிறது? (மெஷினுக்கு உள்ளது பேட்டரிக்கும் உண்டு என்று நீங்களாக நினைத்துக்கொள்ளாதீர்கள்.) ஜிஎஸ்டி பில்லில் சீரியல் நம்பர் எழுதித் தருவார்களா? 18 சதவீதம் ஜிஎஸ்டி கட்டுகிறீர்கள், பில்லில் நம்பர் எழுத வைப்பது உங்கள் உரிமை. கடைசியாக, ஒரு நீள பிட்டை மாட்டி ஓட்டிப் பாருங்கள். பிட் நுனி வட்டம் போட்டு ஆடினால் சக் கோணல். வேண்டாம்.

பேட்டரி ஒரு குடும்பம் என்பதையும் மறக்கக் கூடாது. இன்றைக்கு ட்ரில், அடுத்த வருஷம் ஜிக்சா, அதற்கடுத்து கிரைண்டர். ஒரே வரிசையில் இருந்தால் பேட்டரியும் சார்ஜரும் பொது. மகிடா 2005-ல் கொண்டுவந்த 18 வோல்ட் வரிசை இன்றைக்கும் விற்பனையில் இருக்கிறது. பெயரில்லாத கம்பெனி அடுத்த தீபாவளிக்கே இருக்குமா? உடனே "நீ அந்தக் கம்பெனி ஏஜெண்டா?" என்று கேட்காதீர்கள் :-) மகிடா, பாஷ், டிவால்ட் எதுவானாலும் எனக்கு ஒன்றுதான். பாஷில் நீலம் தொழில்காரர்களுக்கு, பச்சை வீட்டு உபயோகத்துக்கு என்கிற வித்தியாசத்தை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். தினமும் எட்டு மணி நேரம் ஓட்டுகிறவர் வீட்டு உபயோக மெஷினை வாங்கக் கூடாது.

எதிர்க்கட்சி வாதத்தையும் பார்த்துவிடுவோம்.

"வயர் உள்ள ட்ரில் இருக்கும்போது இது எதுக்கு?" துளை போட மட்டும் என்றால் ஒப்புக்கொள்கிறேன். பட்டறையில் கரண்ட் இருக்கும் இடத்தில் ஹிஞ்சுக்கு 35 மில்லிமீட்டர் குழி வரிசையாகப் போட வயர் மெஷின்தான் நல்லது, மலிவும்கூட. ஆனால் சாதாரண வயர் ட்ரில் நிமிஷத்துக்கு 2,800 சுற்று சுற்றும், கிளட்ச் கிடையாது. அதில் ஸ்க்ரூ முடுக்கினால் தலை மொட்டையாகும், பிளைவுட் பிளக்கும். கார்ட்லெஸ் முதல் கியரில் 400, 500 சுற்று, மேலே கிளட்ச் வளையம். அதே மாதிரி, கார்ட்லெஸ்ஸில் சுத்தியல் படம் போட்டிருக்கிறது என்பதற்காக காங்கிரீட் பீமில் கொண்டுபோய் முட்டாதீர்கள். செங்கல் சுவரில் நாலு பிளக் அடிக்கலாம். காங்கிரீட்டுக்கு எஸ்டிஎஸ் பிட் போடுகிற ரோட்டரி ஹேமர்தான் சரி.

"மலிவாக வாங்கு, போனால் வேறு வாங்கு." இதுதான் என்னைப் போன்ற படித்த முட்டாள்களின் வாதம். எனக்குத் தெரிந்த ஒரே வித்தையான கணக்கிலேயே பதில் சொல்கிறேன். அந்த 3,200 ரூபாய் மெஷின் நாலு மாதம், சுமார் 100 வேலை நாள் ஓடியது. நாளுக்கு 32 ரூபாய். அதன் பிறகு மிஸ்திரிஜி 2022 ஜூனில் கைமாற்று வாங்கி அந்த 11,500 ரூபாய் மெஷினையே வாங்கினார். முதல் மூன்று வருஷத்தில் பேட்டரி ஜோடி ஒரு தடவை மாற்றினார், 6,000. கார்பன் பிரஷ் இரண்டு தடவை, கூலியோடு 500. மொத்தம் 18,000. வருஷத்துக்கு 280 நாள் என்று வைத்தால் 840 நாள். நாளுக்கு 21 ரூபாய் சொச்சம். மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆகவே கணக்கு இன்னும் குறையும்.

இதில் நின்றுபோன மூன்று நாளைச் சேர்க்கவில்லை. அவர் கூலி 900, கையாள் கூலி 500, மூன்று நாளுக்கு 4,200. காண்ட்ராக்டர் பிடித்த 5,000. ஆக, 3,200 ரூபாய் மெஷின் ஒரே வாரத்தில் 9,200 ரூபாயைத் தின்றது. நான் மிச்சம் பிடித்ததாக நினைத்தது எவ்வளவு? 8,300. அதை மூன்று வருஷக் கடனில் போட்டிருந்தால் மாதத் தவணை 270 ரூபாய்தான் கூடியிருக்கும். பி.காம் படித்து, இருபது வருஷம் பேங்க்கில் குப்பை கொட்டி, தேய்மானம் பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதினவனுக்கு இந்தக் கணக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. ஆனால் எழுதப் படிக்கத் தடுமாறுகிற மிஸ்திரிஜிக்குத் தோன்றியது. "பிடித்துப் பார்த்திருக்கிறேன்" என்றாரே, அதுதான் அவருடைய கொட்டேஷன். நான்தான் அதை ஃபைலில் சேர்க்கவில்லை.

இதில் இன்னொரு அசிங்கம் சொல்கிறேன். குறைந்த விலைதான் வாங்கணும் என்று சிறு கடனுக்கு எங்கள் சுற்றறிக்கையில் ஒரு வரி இருக்கும் என்று பின்னால் தேடித் தேடிப் பார்த்தேன். இல்லை! விதி இல்லை, வெறும் பழக்கம். எனக்கு முன்னால் இருந்தவர் செய்தார், அவருக்கு முன்னால் இருந்தவர் செய்தார். யாரும் கேட்காத ஆடிட் கேள்விக்குப் பயந்து நாங்களாகவே கட்டிக்கொண்ட வேலி.

எங்கள் ஊரில் சின்ன வயசில் ஒரு ஆசாரி வீட்டுக்கு வேலைக்கு வருவார். உளி, இழைப்புளி, துரப்பணம் எல்லாம் ஒரு சாக்குப் பையில் சுருட்டி வைத்திருப்பார். ஒரு நாள் நான் விளையாட அவருடைய உளியை எடுத்துவிட்டேன். அப்பா அடிக்கப் போனபோது ஆசாரி தடுத்து, "தம்பி, அது என் கை. கையை யாராவது இரவல் கேப்பாங்களா?" என்றார். மிஸ்திரிஜி விஷயத்தில் நான் செய்தது அதைவிட மோசம். அவர் கையை எடுத்துவிட்டு, மலிவாகக் கிடைத்தது என்று ஒரு பொம்மைக் கையை மாட்டிவிட்டேன்.

2023 செப்டம்பர் 17-ல் பிஎம் விஸ்வகர்மா திட்டம் தொடங்கியது. ஆசாரி, கொல்லர், குயவர் என்று 18 தொழில்களுக்குக் கருவி வாங்க 15,000 ரூபாய் வரை உதவி, 5 சதவீத வட்டியில் முதல் தவணைக் கடன் ஒரு லட்சம். நல்ல விஷயம். ஆனால் அந்தப் பணம் போய்ச் சேருவது உருப்படியான கருவியிலா, 88VF பெட்டியிலா என்பதுதான் கேள்வி. சக ஆபீசர்களே, கை கூப்பிக் கேட்கிறேன். கருவிக் கடன் ஃபைல் வந்தால், குறைந்த விலையில் டிக் அடிப்பதற்கு முன் எதிரே உட்கார்ந்திருக்கிற ஆளிடம் "உங்களுக்கு எது வேண்டும், ஏன்?" என்று கேளுங்கள். அந்தப் பதிலை இரண்டு வரி ஃபைலில் எழுதுங்கள். ஆடிட்டர் கேட்டால் அந்த இரண்டு வரியைக் காட்டுங்கள். அதற்குப் பிறகு நான் அப்படித்தான் செய்கிறேன். இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை.

போன மாதம் மிஸ்திரிஜி பட்டறைக்குப் போயிருந்தேன். கடன் எப்போதோ முடிந்துவிட்டது. டீ வாங்கிக் கொடுத்தார். அந்த 48VF இன்னும் ஒரு மூலையில் ஆணியில் தொங்குகிறது. "ஏன் தூக்கிப் போடவில்லை?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே இந்தப் பக்கத்துப் பழமொழி ஒன்றைச் சொன்னார்: "மெஹங்கா ரோயே ஏக் பார், சஸ்தா ரோயே பார் பார்." விலை கொடுத்து வாங்கினவன் ஒரு தடவை அழுவான், மலிவாக வாங்கினவன் திரும்பத் திரும்ப அழுவான்.

எனக்கு வலிக்கக் கூடாது என்றுதான் சிரித்தபடி சொன்னார். வலித்தது. மலிவாக வாங்க வைத்தவன் எத்தனை தடவை அழணும் என்று அந்தப் பழமொழியில் இல்லை.